பழைய டீசல் எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

சுங்கைப்பட்டாணி – கெடாவின் தோட்டப்புறங்களிலும் அவற்றைச் சுற்றி எழுந்த தாமான்களிலும், வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரைக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திய பழைய டீசல் காரை இன்றும் காணலாம். அப்பா ஓட்டிய வண்டியாக இருக்கும். தாத்தா டெக்சியாக வைத்திருந்த வண்டியாகவும் இருக்கும். காலையில் கிளம்ப மறுக்கும். கிளம்பினால் புகையைக் கக்கும். பழைய இரும்பு வாங்க வருகிறவர் எடைக்கு விலை சொல்வார். போமனிடம் கேட்டால், “ஓவர்ஹால் பண்ணணும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கும் வேலையில் பெரும் பகுதியை வீட்டிலேயே செய்ய முடியும். தோட்டத்து ஆலையிலும் லாரிப் பட்டறையிலும் கை பழகியவர்கள் நம்மிடையே குறைவில்லை. ஆனால், வீட்டில் பிரிக்கப்படும் எஞ்சின்களில் பல மீண்டும் ஓடாமல் போவதற்குக் காரணம் கைத்திறன் இல்லாதது அல்ல. அளக்காமல் பிரிப்பதும், எழுதாமல் கழற்றுவதும்தான்.

டெக்சி நிலையத்து பென்ஸ்

ஒரு காலத்தில் மலேசியாவின் ஊர்விட்டு ஊர் செல்லும் டெக்சிகள் என்றாலே மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் கார்கள்தான் நினைவுக்கு வரும். நால்வர் சேர்ந்ததும் டெக்சி புறப்படும். இன்று வீட்டில் ஓவர்ஹால் செய்வதற்குக் கையில் எடுக்கப்படும் பழைய கார்களில் அந்த வகையே நல்ல எடுத்துக்காட்டு.

டபிள்யூ123 எனும் அந்த வரிசை 1976இல் அறிமுகமாகி 1980களின் நடுப்பகுதிவரை தயாரிக்கப்பட்டது. அதில் 200டி, 240டி ஆகிய இரண்டும் நான்கு சிலிண்டர் டீசல் கார்கள். 240டியின் எஞ்சினுக்கு ஓஎம்616 என்று பெயர். வார்ப்பிரும்பு பிளாக், சங்கிலியால் சுழலும் ஒரே கேம்ஷாஃப்ட், போஷ் நிறுவனத்தின் வரிசை பம்ப், இவ்வளவுதான். கணினி இல்லை, சென்சார் இல்லை. கண்ணால் பார்த்து, கையால் அளந்து புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம் அது.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் என்ற டெக்சி ஓட்டுநர், இதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த 1976ஆம் ஆண்டு 240டி காரில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடினார். 2004இல் அந்த வண்டி மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவ்வளவு தூரத்தையும் ஒரே எஞ்சின் ஓடி முடிக்கவில்லை. அவர் எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பொருத்தியும் புதுப்பித்தும் ஓட்டினார். எஞ்சின் தேயத்தான் செய்யும். தேய்ந்ததை நேரத்தில் கண்டுபிடித்து மாற்றியதால்தான் அந்த வண்டி நிலைத்தது.

முதலில் புகையைப் பாருங்கள்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அழுந்திய காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அதற்குள் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஓஎம்616 எஞ்சினில் காற்று 21 பங்கிலிருந்து 1 பங்காகச் சுருக்கப்படுகிறது. ரிங் தேய்ந்தாலோ வால்வு சரியாக அமராவிட்டாலோ காற்று கசியும், சூடு குறையும், எஞ்சின் கிளம்பாது.

ஆகவே நோய் எங்கே என்று புகையே முதலில் சொல்லும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். இன்ஜெக்டர் தெளிக்காமல் ஒழுகலாம். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகிக்க வேண்டும். வெள்ளைப் புகை காலையில் மட்டும் வந்து மறைந்தால், குளோ பிளக் அல்லது அழுத்தக் குறைவு. நில்லாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

குளோ பிளக் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. 1980 வரை வந்த வண்டிகளில் நான்கு பிளக்கும் ஒரே தொடராக இணைந்திருந்தன. ஒன்று எரிந்தால் நான்குமே வேலை செய்யாது. பின்னர் வந்தவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனி. சில வெள்ளி மதிப்புள்ள பிளக் கெட்டதற்காக முழு எஞ்சினையும் பிரித்தவர்கள் உண்டு. பிளக்கைச் சோதிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

அழுத்தம் சொல்லும் கணக்கு

அடுத்தது அழுத்தச் சோதனை. பெட்ரோல் காருக்கான மீட்டர் இதற்கு உதவாது. டீசலின் அழுத்தத்தில் அது உடைந்துவிடும். டீசலுக்கான மீட்டரை, எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டராகப் பொருத்தி அளக்க வேண்டும். ஓஎம்616 வகையில் எந்தச் சிலிண்டரும் 15 பாருக்குக் கீழே போகக்கூடாது. சிலிண்டர்களுக்கு இடையே 3 பாருக்கு மேல் வேறுபாடும் இருக்கக்கூடாது. நான்கு எண்களையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அதுதான் முதல் பக்கம்.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால், அதன் பிஸ்டனை மேல் நிலையில் நிறுத்தி, கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி, சத்தம் எங்கே வருகிறது என்று கேளுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. புகைக்குழாயில் சீறினால் வெளிவழி வால்வு. காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் உள்வழி வால்வு. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட்.

இந்த எஞ்சினில் வால்வு இடைவெளியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சரிசெய்ய வேண்டும். 240டிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்வழி வால்வுக்கு 0.10 மி.மீ., வெளிவழி வால்வுக்கு 0.30 மி.மீ. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது; அழுத்தம் குறையும். பல ஆண்டுகள் யாரும் தொடாத வண்டியில், இதைச் சரிசெய்து மீண்டும் அளந்தாலே எண்கள் ஏறக்கூடும். அப்படியானால் ஓவர்ஹாலே தேவையில்லை. அளவு எடுப்பதன் முதல் லாபம் இதுதான்.

பிரிக்கும் நாள்

எண்கள் உண்மையிலேயே ரிங்கையும் சிலிண்டரையும் காட்டினால் பிரிக்கலாம். கெடாவில் ஆண்டுத் தொடக்க மாதங்கள் வறண்டவை. எஞ்சினைத் திறந்து வைக்க அதுவே ஏற்ற காலம். ஈரக் காற்றில், மெருகேற்றிய சிலிண்டர் ஓர் இரவிலேயே துரு பிடிக்கும். எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் உறையால் மூடி வைக்க வேண்டும்.

எஞ்சினைத் தூக்குவதில் விளையாட்டு வேண்டாம். அது இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு. ரம்புத்தான் மரக்கிளையில் செயின் பிளாக்கைக் கட்டித் தூக்குவது பழைய பழக்கம். கிளை முறியும்போது எச்சரிக்கை கொடுக்காது. எடை தாங்கும் இரும்புச் சட்டத்தையோ எஞ்சின் கிரேனையோ வாடகைக்கு எடுங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் யாரும் கையோ காலோ வைக்கக்கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது.

கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் கைப்பேசியில் படம் எடுங்கள். போல்ட்டுகளை இடவாரியாகப் பழைய மைலோ டின்களில் போட்டுப் பெயர் ஒட்டுங்கள். வால்வுகளை முட்டைத் தட்டில் வரிசையாக அடுக்குங்கள். எந்த பிஸ்டன் எந்தச் சிலிண்டரில் இருந்தது, அதன் மேற்புற அம்பு எந்தப் பக்கம் பார்த்தது என்று எழுதுங்கள். கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஒன்றாகக் கடையப்பட்டவை. ஒன்றன் மூடியை மற்றொன்றுக்கு மாட்டினால் பேரிங் கெட்டுவிடும்.

வீட்டில் எது, வெளியே எது

வீட்டு ஓவர்ஹாலின் வெற்றி, எதைச் செய்யக்கூடாது என்று அறிவதில் இருக்கிறது.

பிரித்தல், கழுவுதல், அளத்தல், ரிங் மாட்டுதல், வால்வு உரைத்தல், சேர்த்தல் ஆகியவை வீட்டு வேலை. சிலிண்டரைக் குடைதல், கிராங்க்ஷாஃப்ட்டைக் கடைதல், ஹெட்டைச் சமன் செய்தல், அதில் வெடிப்பு உண்டா என்று சோதித்தல் ஆகியவை கடைசல் பட்டறை வேலை. இன்ஜெக்டரும் பம்பும் டீசல் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். வரிசை பம்பை வீட்டில் திறந்தால், நான்கு சிலிண்டருக்கும் சம அளவில் டீசல் போகிறதா என்று சோதிக்கும் மேடை நம்மிடம் கிடையாது.

இன்ஜெக்டரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அது 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தெளிக்கிறது. அந்தத் தெளிப்பின் முன் விரலை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கும். ஆனால் விரலையே இழக்க நேரிடும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பட்டறைக்குக் கொடுக்கும் முன் நீங்களும் அளந்துவிடுங்கள். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். மேல் ரிங் ஓடும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே விரல் நகத்தில் தட்டும் விளிம்பு இருந்தால், புது ரிங் மட்டும் போட்டு ஏமாறாதீர்கள். அது முட்டி உடையும். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 24 எண்கள். அந்தப் பக்கம் கையில் இருந்தால் பட்டறைக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை, கணக்காகப் பேசலாம்.

பிஸ்டனை முதலில் வாங்கிவிட்டு, அதன் அளவுக்குச் சிலிண்டரைக் குடைய வேண்டும். குடைந்த பிறகு பிஸ்டன் தேடினால், அந்த அளவு கிடைக்காமல் பிளாக் மூலையில் கிடக்கும்.

சேர்க்கும் நாள்

சேர்ப்பதில் முதல் விதி சுத்தம். மணல் துகள் ஒன்று போதும், புது பேரிங்கைக் கீற. பிளாக்கை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, எண்ணெய் ஓடும் துளைகளைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்து, உடனே எண்ணெய் பூச வேண்டும்.

ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் தனியாக வைத்து அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். பிஸ்டனில் மாட்டும்போது மூன்று வாய்களும் ஒரே கோட்டில் வராமல் விலக்கி வைக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்புறமாக, கட்டங்கட்டமாக, டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். பிற்கால ஓஎம்616 எஞ்சின்களில் இறுக்கும்போது நீளும் போல்ட்டுகள் உள்ளன. அவற்றின் நீளத்தை அளந்து, வரம்பைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும். இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள வெப்பத் தடுப்பு வளையங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

டைமிங் சங்கிலியை மாட்டி அடையாளங்களைச் சேர்த்தபின், ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்க்கை அது ஓடும் திசையில் ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. ஸ்டார்ட்டர் போட்ட பிறகு முட்டினால் வால்வு வளைந்துவிடும். இந்த எஞ்சினில் டீசல் தெளிக்கத் தொடங்குவது பிஸ்டன் உச்சிக்கு 24 டிகிரி முன்பு; அதையும் சரிபார்க்க வேண்டும்.

முதல் முழக்கம்

டீசலை நிறுத்தி வைத்து, ஸ்டார்ட்டரைச் சிறுசிறு இடைவெளி விட்டுச் சுற்றி, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை காத்திருங்கள். பிறகு பம்பில் உள்ள கை பம்பால் குழாய்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். கிளம்பியதும் கண் எண்ணெய் மீட்டரில் இருக்கட்டும். வேகம் கொடுத்தால் முள் 3 பாரைத் தொட வேண்டும்.

பக்கத்தில் ஒரு தட்டையான பலகை இருக்கட்டும். டீசல் எஞ்சின் சில வேளைகளில் தன் எண்ணெயையே எரித்துக் கட்டுமீறி ஓடத் தொடங்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. முதலில் பம்பின் அருகே உள்ள ஸ்டாப் நெம்புகோலை அழுத்த வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் காற்று போகும் வாயைப் பலகையால் மூட வேண்டும். கையால் மூடக்கூடாது.

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு எஞ்சினை நெடுநேரம் சும்மா ஓட விடாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையிலும் ஓட்டாதீர்கள். சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் வழியாகக் குரூண் செல்லும் பழைய சாலை இதற்குப் பொருத்தம். ஏறி இறங்கி, வேகம் கூட்டிக் குறைத்து ஓடினால்தான் ரிங் சிலிண்டரோடு பதியும். அதன்பின் எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியை மீண்டும் பார்க்க வேண்டும்.

செம்பனை கலந்த டீசல்

இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்ட காலத்து டீசல் இன்று இல்லை. மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல் கலக்கப்படுகிறது. 2019இல் அது 10 விழுக்காடானது. 20 விழுக்காடு கலக்கும் பி20 திட்டம் 2020இல் முதலில் தொடங்கிய இடங்களில் கெடாவின் லங்காவியும் ஒன்று. நம் முன்னோர் பால் எடுத்த ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இப்போது நிற்பதும் அதே செம்பனைதான்.

பயோடீசல், டாங்கியில் ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். ஆகவே டாங்கியைக் கழுவி, டீசல் வடிகட்டியை முதல் சில வாரங்களில் இரண்டு முறையாவது மாற்றுங்கள். பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்து இளக்கிவிடும். எரிபொருள் குழாய் அனைத்தையும் பயோடீசல் தாங்கும் புது வகைக்கு மாற்றிவிடுங்கள். கசியும் குழாய் டீசலை ஒழுகவிடுவதோடு காற்றையும் உள்ளே இழுக்கும். மறுநாள் காலை எஞ்சின் கிளம்பாது. எஞ்சின் சரியில்லையோ என்று வீணாகக் கலங்க நேரிடும்.

எண்ணும் புகையும் கழிவும்

ஓவர்ஹாலில் பிளாக் மாறுவதில்லை. அதனால் எஞ்சின் எண்ணும் மாறுவதில்லை. சுத்தம் செய்யும்போது அந்த எண்ணைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். செலவு மிச்சம் என்று ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் எஞ்சினை வாங்கி மாட்டினால் கதை வேறு. அதற்கு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதி, வாகனச் சோதனை, கிரானில் எண் திருத்தம் ஆகியவை வேண்டும். வாங்கும் கடையிலிருந்து ரசீதும் இறக்குமதி ஆவணமும் கிடைக்காவிட்டால் அந்த எஞ்சினைத் தொடாதீர்கள்.

டீசல் புகைக்கு 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் வரம்பு வைத்துள்ளன. புகையின் அடர்த்தி 50 எச்.எஸ்.யு. அலகைத் தாண்டக்கூடாது. ஒழுங்காக அளந்து சேர்த்த பழைய எஞ்சினும் இந்த வரம்புக்குள் நிற்கும்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது எஸ்டபிள்யூ305 எனக் குறியிடப்பட்ட அபாயக் கழிவு. கெடாவுக்கும் பினாங்குக்கும் குடிநீர் தரும் மூடா ஆறு நம் பக்கத்திலேயே ஓடுகிறது. மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவு எண்ணெயை முறைப்படி ஒப்படைக்கும் பட்டறையிடம் கொடுங்கள்.

செய்யலாமா, விடலாமா?

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னாக ஏறியது. தகுதி பெற்ற தனியார் டீசல் வாகன உரிமையாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் பூடி மடானி வழியாக மாதம் 200 வெள்ளி அறிவிக்கப்பட்டது. டீசல் மலிவு என்ற பழைய காரணம் இனி போதாது.

ஆகவே நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். பட்டறைக் கூலி ஒன்று, உதிரிப்பாகம் ஒன்று, வாடகைக் கருவி ஒன்று. மூன்றுக்கும் விலை கேட்டு எழுதிய பிறகு, வண்டியின் அடித்தளத்தில் துரு எவ்வளவு என்று குனிந்து பாருங்கள். எஞ்சினைப் புதுப்பிக்கலாம், உளுத்துப்போன உடலில் அதை வைப்பதில் பயனில்லை. துரு அதிகமென்றால் பழைய இரும்புக்காரரின் விலையே நியாயமான விலையாக இருக்கலாம்.

கைக்குத் தெரிந்ததற்கு ஒரு தாள்

வண்டியை விடப் பெரிய விஷயம் ஒன்றும் இந்த நோட்டில் இருக்கிறது. தோட்டங்களில் இரவு விளக்கெரிய ஜெனரேட்டரை ஓட்டியவர்கள், ஆலையில் இயந்திரம் பார்த்தவர்கள், டிராக்டரைப் பழுது நீக்கியவர்கள் என ஒரு தலைமுறையே கையால் தொழில் கற்றது. அவர்களில் பலரிடம் சான்றிதழ் இல்லை. தோட்டம் கைமாறி நகரத்துக்கு வந்தபோது, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் உதவியாளர் சம்பளத்துக்கு நின்றார்.

மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, வகுப்புக்குப் போகாமலே, வேலை அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் வழியை வைத்திருக்கிறது. பி.பி.டி. என்பது அதன் சுருக்கப் பெயர். அதற்கு விண்ணப்பிப்பவர் தம் வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்ட வேண்டும். பட்டறைத் தொழிலில் இருப்பவர்கள் செய்த வேலைகளின் படங்களையும் அளவுகளையும் ரசீதுகளையும் தேதியோடு சேர்த்து வைப்பது அங்கேதான் கைகொடுக்கும். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு அதே அமைச்சின் அட்தெக் போன்ற பயிற்சிக் கழகங்கள் உள்ளன; கூலிமிலும் ஒன்று இருக்கிறது.

அப்பாவின் கை எஞ்சினைத் தொட்டதும் கோளாறைச் சொல்லிவிடும். அந்தக் கை ஓய்ந்த பிறகு பிள்ளைக்கு மிஞ்சுவது எழுதி வைத்தது மட்டுமே. அடுத்த சனிக்கிழமை தார்ப்பாயை விலக்கும்போது அப்பாவை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர் சொல்லட்டும், பிள்ளை அளக்கட்டும், நோட்டில் எழுதட்டும். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுக்கலாம்.